இருபது வோல்ட், ஐந்து ஆம்பியர்

வோல்ட் மீட்டரின் முள் நாற்பத்தெட்டரையில் நின்றது. ஆம்பியர் மீட்டரின் முள் ஒன்றைத் தாண்டிக் கொஞ்சம் நடுங்கி அடங்கியது. சாம்பசிவம் இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டு வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தான். நாற்பத்தாறு ஓம், அதற்கு மேல் முடிவில்லாமல் நீளும் தசமங்கள். இரண்டாவது முறை அளந்தான். மூன்றாவது முறையும் அளந்தான். முட்கள் அவனுக்காக இளகிக் கொடுக்கவில்லை.

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு நெல் மில்லின் பின்புறம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்று, சித்திரை மாதத்து வெயில். கசியும் மின்சாரத்தைப் பூமிக்குள் இறக்கப் போட்ட எர்த் குழியின் மண் சுட்ட ஓடு மாதிரி சில்லுச் சில்லாகப் பிளந்து கிடந்தது. முந்தின நாள் மத்தியானம் இந்த மில்லில்தான் முத்திருளன் என்கிற கூலியாள், புழுங்கல் நெல்லைச் சுமந்து வந்து இறக்கிவிட்டு, அரவை இயந்திரத்தின் இரும்பைப் பிடித்தபடியே செத்துப் போயிருந்தான்.

பின்னால் குடை பிடித்து நின்ற மின்சாரக் கம்பெனி இஞ்சினீயர் அனந்தநாராயணன் கேட்டார். "என்ன ஓய் வர்றது?"

"நாப்பத்தாறு சார்."

"ஐப்பசியில நீர் அளந்தப்போ?"

சாம்பசிவம் ரிஜிஸ்தரைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பிரித்தான். அவன் கையெழுத்துத்தான். இருபது வோல்ட், ஐந்து ஆம்பியர், நாலு ஓம். திருப்திகரம்.

"நாலு" என்றான்.

இஞ்சினீயர் குழியைத் தோண்டச் சொன்னார். நாலடி ஆழத்தில் கடப்பாரை பாறையில் மோதி மணி போல ஒலித்தது. பாறையின் தலையில் ஒரு இரும்புக் குழாய் சும்மா நின்றுகொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அனந்தநாராயணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நியாயமான மனிதர், கணக்கில் புலி. அவருக்கு ஒரு நிமிஷம்தான் பிடித்தது. "இந்தப் பாறை மேல வெறும் குழாய் நின்னா எந்த மழையிலும் நாலு வராது. நீர் அளந்தப்போ அடியிலே செப்புத் தகடு இருந்திருக்கணும். அப்புறம் எடுத்துட்டான். யுத்தத்துல செம்பு என்ன விலை விக்கறது! ஒயரிங் பண்ணினவன் யாரு?"

"சிஹாபுதீன்" என்றார் மில் கணக்கப்பிள்ளை.

சாம்பசிவம் வாயைத் திறந்தான். பிறகு மீட்டர்களைப் பெட்டிக்குள் வைத்து மூடுவதில் மும்முரமாக இருப்பவனைப் போலக் குனிந்துகொண்டான்.

அவன் ஐப்பசியில் அளக்கவே இல்லை.

வந்தது உண்மைதான். கரியில் ஓடும் பஸ்ஸில் வந்து இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. மில்லின் பின்புறம் முழங்கால் சேறு. காலில் புதுச் செருப்பு, கீழமாசி வீதியில் வாங்கி மூன்று நாள்கூட ஆகவில்லை. பின்னாளில் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தும், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றோ, மேலதிகாரி அவசரப்படுத்தினார் என்றோ ஒரு கௌரவமான காரணம் அவனுக்கு அகப்படவில்லை. செருப்பு நனையக் கூடாது என்று நினைத்தான். அவ்வளவுதான்.

சிஹாபுதீன் அன்று மில்லில் இருந்தார். காஜிமார் தெருக்காரர், ஐம்பது வயதிருக்கும், நரைத்த தாடி. மரச்சட்டத்தில் ஒயர் ஓட்டினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்று பெயர் வாங்கியவர். "சார், அடியில பாறை. குழாய் நாலடிதான் எறங்குச்சு. அளந்து பாத்துச் சொல்லுங்க, சரியில்லைன்னா வாய்க்கா ஓரமாத் தோண்டி வேற எர்த்து போட்டுர்றேன்" என்று சொல்லிவிட்டு வேறொரு வேலைக்குக் கிளம்பிப் போனார். பாறை என்றதைச் சாம்பசிவம் காதில் வாங்கிக்கொண்டான். ஆபீசுக்குத் திரும்பும் வழியில் மறந்தும் போனான்.

அப்போது முத்திருளன்தான் சாக்கை மடித்து மழைக்குத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, மீட்டர் பெட்டியை நனையாமல் வாங்கித் தாழ்வாரத்தில் வைத்தான். காபி கொண்டுவந்து கொடுத்தான். கறுத்து நெடிய ஆள். சிரித்தால் மேல்வரிசையில் ஒரு பல் இல்லாதது தெரியும். "அந்தக் குழாய எதுக்கு சாமி மண்ணுக்குள்ள எறக்குறாக?" என்று கேட்டான்.

"மோட்டாரிலே கோளாறு ஏதாவது வந்தா, கரண்டு உங்க மேல பாயாம பூமிக்குள்ள போயிடும். உடனே பீஸ் போயிடும். மில்லு நின்னுடும். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது."

"அப்பச் சரி சாமி" என்றான் முத்திருளன்.

அன்று சாயங்காலம் ஆபீசில் உட்கார்ந்து சாம்பசிவம் அந்த வரியை எழுதினான். கணக்கில் ஒரு பிசகும் இல்லை. இருபதை ஐந்தால் வகுத்தால் நாலுதான்.

சிஹாபுதீனை அடுத்த நாளே போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. மூன்று நாள் வைத்திருந்து ஜாமீனில் விட்டார்கள். லைசென்ஸைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டது. செம்புக்கு ஆசைப்பட்டு ஒரு உயிரைக் குடித்தவன் என்று ஊர் பேசியது. சென்னையிலிருந்து மின்சார இன்ஸ்பெக்டர் வந்து விசாரிப்பார், அதுவரை எல்லாரும் அவரவர் அறிக்கையை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

சாம்பசிவம் தன் அறிக்கைக்காகக் கணக்குப் போட்டான். மெயின் சுவிட்சின் இரும்புப் பெட்டிக்குள் ஒயரின் தோல் உரிந்து பெட்டியைத் தொட்டிருக்கிறது. பெட்டியிலிருந்து அரவை இயந்திரம் வரை எல்லாம் இரும்பு, ஒன்றோடொன்று பிணைந்தது. இருநூற்று முப்பது வோல்ட்டை நாலு ஓமால் வகுத்தால் ஐம்பத்தேழரை ஆம்பியர். முப்பது ஆம்பியர் பீஸ் கண் மூடித் திறப்பதற்குள் எரிந்திருக்கும். நாற்பத்தாறால் வகுத்தால் ஐந்தே ஆம்பியர். பீஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அது உயிரோடு இருந்தது. இரும்பும் உயிரோடு இருந்தது.

எத்தனை நாள்? அதையும் கணக்குப் போட முடிந்தது, அதுதான் கொடுமை. இருநூற்று முப்பதை ஐந்தால் பெருக்கினால் ஆயிரத்து நூற்றைம்பது வாட். மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரவு பகலாக அந்த மின்சாரம் மண்ணுக்குள் கசிந்திருக்கிறது. அரைத்த நெல்லுக்கு ஆகியிருக்க வேண்டியதைவிட மில்லின் மீட்டரில் நூற்று முப்பத்தெட்டு யூனிட் கூடுதலாக ஏறியிருந்தது. ஐந்து நாள். ஐந்து நாளும் தொட்டவர்களுக்கெல்லாம் சுருக்கென்றிருக்கிறது. காய்ந்த தரையில் நின்றதால் சுருக்கென்றதோடு போயிற்று. மிசினில் முனி ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டு, எலுமிச்சம்பழம் அறுத்து வைத்துக் குங்குமம் தடவியிருந்தார்கள். ஆறாம் நாள் முத்திருளன் ஈர நெல்லின் தண்ணீர் தலையிலிருந்து கால்வரை ஒழுக, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பிடித்தான்.

ஈர உடம்பின் தடை ஏறக்குறைய ஆயிரம் ஓம் என்று இஞ்சினீயர் சொல்லியிருந்தார். ஆயிரத்தால் வகுத்தான். கால் ஆம்பியர்கூட இல்லை. வாட்டாக்கினால் ஐம்பத்து மூன்று.

அன்று அந்தி சாய்ந்து வீட்டுக்கு வந்தவன் கூடத்து பல்பின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தான். அதன் கண்ணாடியில் அறுபது வாட் என்று எழுதியிருந்தது. ஒரு மனிதனுக்குப் போதுமானதைவிட அதிகம். அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது, அதன் அடியில் அவன் மனைவி ஸ்யாமளா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுவிட்சை அணைத்தான்.

"ஏன்னா, விளக்கை அணைச்சுட்டேள்?"

"கண்ணைக் கூசறது."

அரிக்கேனை ஏற்றிக்கொண்டார்கள். மறுநாளும் அதே. நாலாம் நாள் ஸ்யாமளா கேட்பதை நிறுத்திவிட்டாள். ஆனால் அவன் குளிக்கும்போதும், ஆபீஸ் படி ஏறும்போதும், காபி டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போதும், பிடரிக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. கோபமாக இல்லை. குறை சொல்லவும் இல்லை. ஒரு பெரிய மனிதர் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்ட திருப்தியோடு கேட்டது. அப்பச் சரி சாமி.

சாம்பசிவம் இன்னொரு முறை மில்லுக்குப் போக வேண்டியிருந்தது. மில் சாத்திக் கிடந்தது. தோண்டிய குழியின் மேட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கணக்கப்பிள்ளை சொல்லித்தான் அது முத்திருளனின் மனைவி சோலையம்மாள் என்று தெரிந்தது. கழுத்து வெறுமையாக இருந்தது. அவன் வேலையை முடிக்கும்வரை அங்கேயே இருந்தவள், பெட்டியை மூடியதும் எழுந்து வந்தாள்.

"சாமி, இந்த டப்பாவ வச்சுத்தான கரண்ட அளக்குறீக?"

"ஆமாம்."

"அவுகளுக்குள்ள எம்புட்டுப் போச்சு?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. ஒரு மலையளவு போயிற்று, இடி விழுந்த மாதிரி, யாராலும் தாங்கியிருக்க முடியாது என்று சொல்லலாம். இருபதும் ஐந்தும் எழுதியவனுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

"ஒரு பல்பு எரியற அளவு. அதைவிடக் கொஞ்சம் கம்மி."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணு மூட்டைய ஒத்தையாத் தூக்குவாக" என்றாள். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "அம்புட்டுத்தானா" என்றாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தாள்.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது சிஹாபுதீன் வீட்டுக்கே வந்துவிட்டார். தாடியைச் சரியாகக் கத்தரிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். நிறைய கோடுகள், அளவுகள், அடித்துத் திருத்திய எண்கள். அடங்கிய குரலில் பேசினார்.

"எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்க மாட்டேங்குது சார். நான் தகடே வைக்கல. வைக்காத தகட்ட எப்படித் திருட முடியும்? ஆனா தகடு இல்லாம நாலு வராதுங்கிறாரு இஞ்சினீயரு. நானும் மூணு நாளாக் கணக்குப் போட்டுப் பாக்குறேன். அவரு சொல்றதுதான் சரி. வராது. ஆனா நீங்க அளந்திருக்கீங்க, வந்திருக்கு."

சாம்பசிவம் தாளைப் பார்த்தான். ஒவ்வொரு வகுத்தலும் சரியாக இருந்தது.

"எனக்கு முன்னாடி யாராச்சும் அங்க தகடு பொதச்சிருப்பாகளோ? இல்ல, நானே வச்சுட்டு மறந்துட்டேனா? எங்க வீட்ல மரியம் பீவி சொல்லுது, ஒங்களுக்குப் புத்தி பெசகிப் போச்சுங்குது. படுத்தா மண்ணுக்குள்ள அந்தத் தகடு கண்ணுல தெரியுது சார். இம்புட்டு அகலம், பச்சை பூத்து. யா அல்லா, நாந்தான் எடுத்தேனோன்னு இருக்கு." "உங்க நம்பர் தப்பா இருக்காதுல்ல, அதான்."

அடுக்களை வாசலில் ஸ்யாமளா நின்றிருந்தாள். அவள் சிஹாபுதீனைப் பார்க்கவில்லை, தன் புருஷனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பசிவம் தாளை மடித்து அவரிடமே கொடுத்தான். "விசாரணையிலே பேசிக்கலாம்" என்றான். அந்த நாலு எப்படி வந்தது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாசல்வரை போய் அவர் தெருவில் இறங்குவதையும், நடுத்தெருவில் நின்று தாளை மறுபடி விரித்துப் பார்ப்பதையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

உள்ளே திரும்பியபோது ஸ்யாமளா கேட்டாள். "அவர் எடுக்கலைன்னு உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

அவன் கை கழுவப் போனான். அவனுக்கு எதிரே இலையைப் போட்டுச் சாதத்தைப் பரிமாறிவிட்டு, வழக்கமாக விசிறியோடு உட்காருகிறவள், உள்ளே போய்விட்டாள்.

கம்பெனி ஆபீசின் மாடியில் விசாரணை நடந்தது. சென்னை இன்ஸ்பெக்டர் வயதானவர், தடித்த கண்ணாடி. அவர் சாட்சிகளை அதிகம் கேட்கவில்லை. ரிஜிஸ்தரைத்தான் வெகுநேரம் புரட்டினார். அப்புறம் சாம்பசிவத்தைக் கூப்பிட்டு, ஐப்பசி மாதத்து வரியின் மேல் பென்சிலை வைத்தார்.

"இருபது வோல்ட், ஐந்து ஆம்பியர். ரொம்ப அழகா வகுபடறதே?"

சுவரோரமாக சிஹாபுதீன் நின்றிருந்தார். இஞ்சினீயர் மின்விசிறியின் கீழ் காகிதங்களைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தார்.

"நான் அளக்கலை சார்."

"என்ன?"

"மழை பேஞ்சுது. நான் குழிகிட்டேயே போகலை. ஆபீசுல உக்காந்து எழுதினேன். மீதியில்லாம வகுபடறாப்பல ரெண்டு நம்பர் போட்டேன். தகடுன்னு ஒண்ணு எப்பவுமே இல்லை."

அனந்தநாராயணன் "சாம்பசிவம்!" என்றார், அதட்டலாக இல்லை, கிணற்றில் விழப்போகிறவனைக் கூப்பிடுவது மாதிரி. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு ரிஜிஸ்தரை அவன் பக்கம் நகர்த்தினார். "இந்தப் புஸ்தகத்திலே இது மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?"

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாளும் நெஞ்சில் நின்றது ஒரு வரி, ஒரு முகம். பக்கங்களைப் புரட்டினான். மழைநாட்கள், உச்சிவெயில் நாட்கள், பஸ் பிடிக்க ஓடிய நாட்கள். முப்பதும் பத்தும். பதினாறும் எட்டும். பன்னிரண்டும் நாலும். ஒவ்வொன்றும் மீதியில்லாமல் வகுபட்டது. விரல் விட்டு எண்ணினான்.

"பதினொண்ணு" என்றான்.

அன்றே வேலை போயிற்று. சிஹாபுதீனின் மேலிருந்த வழக்கு அந்த வாரத்திலேயே தள்ளுபடியானது. லைசென்ஸும் திரும்பி வந்தது. சாம்பசிவத்தின் மேல் வழக்குப் போடுவதா என்று சென்னையில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். மற்ற பதினொரு இடங்களையும் அளக்க உத்தரவானது. ஆனால் புது ஆள் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும், ஒரு மாதமாவது ஆகும் என்று இஞ்சினீயர் சொன்னார்.

விசாரணை முடிந்து மாடிப்படி இறங்கியபோது சிஹாபுதீன் கீழே காத்துக்கொண்டிருந்தார். சாம்பசிவம் அவர் எதிரில் போய் நின்று கை கூப்பினான். சிஹாபுதீன் கையை உயர்த்தித் தடுத்தார். அவர் முகத்தில் சாம்பசிவம் அதுவரை பார்த்திராத ஒரு கடுமை இருந்தது.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் சார். அது நான் குடுக்குறதும் இல்ல, நீங்க கேக்க வேண்டியது எங்கிட்டயும் இல்ல. அந்தப் பதினொண்ணும் எங்கெங்க இருக்கு, அதைச் சொல்லுங்க."

அப்படித்தான் இருவரும் கிளம்பினார்கள். கையில் மீட்டர் கிடையாது. சிஹாபுதீனிடம் நூறு வாட் பல்பு பத்தைப் பொருத்திய ஒரு பலகை இருந்தது. ஒரு முனையை லைனிலும் மறு முனையை எர்த்திலும் கொடுத்தால், எர்த் நன்றாயிருந்தால் பத்தும் பளீரென்று எரியும். மோசமாக இருந்தால் கங்கு மாதிரி சிவந்து நிற்கும். அந்த நேரத்தில் யாரும் இரும்பைத் தொடக் கூடாது. சாம்பசிவத்தின் வேலை அதுதான். கையை விரித்துக்கொண்டு ஆட்களை விலக்கி நிறுத்துவது.

ஆறு நாள் அலைந்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சிஹாபுதீன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கப்பலூரில் கடலை மிசின், பத்தும் பளீரென்று எரிந்தன. சாம்பசிவம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். வேறு மூன்று இடங்களில் கங்கு. சிஹாபுதீன் சுவிட்சை இறக்கிப் பீஸைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டு, "எர்த்து சரி பண்ற வரைக்கும் ஓட்டாதீக" என்று சொல்லிவிட்டு நடந்தார். ஓர் இடத்தில் சொந்தக்காரன் அடிக்க வந்தான். சாம்பசிவம் அடியை வாங்கிக்கொண்டான். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

பதினோராவது, எழுமலையில் ஒரு கிணற்று மோட்டார். பஸ் நின்ற இடத்திலிருந்து இரண்டு மைல் நடை. வரப்பில் ஏறியபோதே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. குழாயிலிருந்து தண்ணீர் வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது, அதன் அடியில் ஒருவன் கோவணத்தோடு குளித்துக்கொண்டிருந்தான். தோட்டக்காரன் கருப்பு. வரப்பில் இரண்டு பேர் வருவதைக் கண்டதும் தண்ணீர் சொட்டச் சொட்ட எழுந்தான். மோட்டார் கொட்டகையின் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, ஒரு கையால் கண்ணுக்கு வெயில் மறைத்துக்கொண்டு, மறு கையை மோட்டாரின் முதுகில் ஊன்றினான்.

"கையை எடு!" என்று சாம்பசிவம் கத்தினான்.

மோட்டார் சத்தத்தில் அது போய்ச் சேரவில்லை. கருப்பு சிரித்தபடியே கண்ணை மறைத்த கையை இறக்கிக் காதருகே குவித்துக்கொண்டான். சாம்பசிவம் ஓடினான். வரப்பு வழுக்கி நாற்றுக்குள் விழுந்தான், எழுந்து மறுபடி ஓடினான். பின்னால் சிஹாபுதீன் பல்புப் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அண்ணே, கைய எடுங்கண்ணே!" என்று கூவிக்கொண்டே வந்தார்.

கருப்பு நிதானமாகக் கையை எடுத்தான். "என்னண்ணே, இப்படி விழுந்தடிச்சு வாரீக? நான் தெனம் தொட்டுக்கிட்டுத்தான நிக்கேன், ஒண்ணும் செய்யாது" என்றான். உள்ளே ஒயரின் தோல் உரிகிற நாள்வரை ஒன்றும் செய்யாதுதான். சாம்பசிவம் அவனுடைய புஜத்தைப் பிடித்துக் கொட்டகைக்கு வெளியே இழுத்துக்கொண்டு வந்தான். ஈரமான, குளிர்ந்த, உயிருள்ள புஜம். பிடித்த கையை விட வரவில்லை. "விடுங்க சாமி, வலிக்குது" என்றான் கருப்பு.

சிஹாபுதீன் சுவிட்சை இறக்கினார். குழாயில் தண்ணீர் மெலிந்து, நூலாகி, சொட்டாகி நின்றது. அவர் மண்டியிட்டுப் பலகையைத் தரையில் வைத்து ஒயர்களைப் பிரிக்கத் தொடங்கினார். திடீரென்று சூழ்ந்த அமைதியில் எங்கோ ஒரு அக்காக்குருவி கத்துவது கேட்டது. மோட்டாரின் இரும்பு முதுகில் கருப்பின் ஈரக் கைத்தடம் ஐந்து விரல்களோடும் அப்படியே இருந்தது. இரும்பின் சூட்டில் முதலில் சுண்டுவிரல் காய்ந்து மறைந்தது. அப்புறம் மோதிர விரல். உள்ளங்கை மட்டும் இன்னும் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது.